வராமலே கிடைக்கும் பி.எட். வேண்டாம், மகளே

கேள்வி: அம்மா, எனக்கு வயது 22. ஊத்தங்கரை பக்கம் ஒரு கிராமம். சென்ற ஆண்டு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். தமிழ் வழி, 68 விழுக்காடு. பள்ளிப் படிப்பும் தமிழ் வழிதான். நாங்கள் எம்.பி.சி. அப்பா மாந்தோப்புகளில் காய் பறிக்கிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். மாதம் 13,000 ரூபாய் கையில் வருகிறது. அறிவியல் ஆசிரியை ஆக வேண்டும் என்பது ஏழாம் வகுப்பிலிருந்தே ஆசை. பி.எட். சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 1,10,000 ரூபாய். கல்லூரிக்கு வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும், வேலையையும் விட வேண்டாம் என்கிறார். இடம் பிடித்துவைக்க 20,000 ரூபாயும் அசல் சான்றிதழ்களும் இந்த வாரமே வேண்டுமாம். அப்பா மூன்று வட்டிக்கு 50,000 ரூபாய் சொல்லிவைத்துவிட்டார். இன்னொரு வருடம் வீணாகக் கூடாது என்கிறார். கொடுக்கலாமா? தபால் வழியில் படிக்க முடியுமா? அரசுக் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது?

பதில்:

அன்பு மகளுக்கு,

அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிடாதே. மற்றதையெல்லாம் பிறகு நிதானமாகப் படித்துக்கொள். இதை மட்டும் இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடு. உன் வயதில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அந்த உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன்.

என்னிடம் முதுகலை படிக்கும் யோசனை கேட்க வரும் பெண் ஒருத்தி இருந்தாள். அரூர்ப் பக்கம். அவசரப்பட்டு ஒரு தனியார் கல்லூரியில் பி.எட். சேர்ந்தாள். பத்து நாள் கழித்து அரசு உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைத்தது. சான்றிதழைத் திருப்பிக் கேட்டபோது, இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் முழுதாகக் கட்டிவிட்டு எடுத்துப் போ என்றார்கள். சேர்க்கையின் கடைசி நாள் அந்த அலுவலக வாசல் பெஞ்சிலேயே கழிந்தது. காலை பத்து மணி முதல் மாலை வரை நானும் அவளோடு உட்கார்ந்திருந்தேன். கிடைத்த இடம் போயிற்று. இப்படிச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. கல்லூரி அசலைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் வைத்துக்கொள்ள வேண்டியது நகல்தான். மாற்றுச் சான்றிதழ் மட்டும் சேரும் இடத்தில் ஒப்படைக்கப்படும். இதெல்லாம் கல்லூரிக்கே உள்ள கட்டுப்பாடு. வீடு தேடி வந்த ஒரு தரகருக்கு உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் தொடுவதற்குக்கூட உரிமை கிடையாது.

இனி, அவர் விற்கும் சரக்குக்கு வருவோம். வராமலே பி.எட். என்று ஒன்று சட்டத்தில் இல்லை. நான் படித்த காலத்தில் பி.எட். ஓராண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளால் 2015 முதல் அது இரண்டாண்டு ஆனது. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை, பள்ளியில் செய்யும் கற்பித்தல் பயிற்சிக்கு 90 விழுக்காடு. அந்தப் பயிற்சி மட்டும் இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 20 வாரம். இத்தனையையும் வராமல் முடித்ததாகக் காட்ட வேண்டுமானால் யாரோ உன் பெயரில் வருகைப்பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதே மாதங்களில் ஓசூரில் உன் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் நடந்துகொண்டிருக்கும். பகல் முழுதும் கல்லூரியில் இருந்ததாக ஓர் ஏடு சொல்லும், தொழிற்சாலையில் இருந்ததாக இன்னோர் ஏடு சொல்லும். பத்தாண்டு கழித்து அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இந்த இரண்டும் சந்தித்துக்கொண்டால், அப்போது தரகர் உன் பக்கத்தில் நிற்க மாட்டார். நீ தனியாக நிற்பாய்.

மாட்டிக்கொள்வோம் என்ற பயத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பென்னாகரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி ஆசிரியை ஒருத்தியின் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு, குடிநீர் பற்றிய பாடம். அவளும் அதே தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பெண்தான். நன்றாகத் தயார் செய்திருந்தாள். பாடத்திட்டக் குறிப்பு முத்து முத்தாக இருந்தது. நடுவில் ஒரு பையன் எழுந்து, "எங்கள் பல் எல்லாம் ஏன் டீச்சர் பழுப்பாக இருக்கிறது?" என்று கேட்டான். குறிப்பில் இல்லாத கேள்வி. அவள் சமாளித்து, "தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டாள். பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

உனக்குத் தெரியும், அது தவறு. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல ஊர்களில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. பல் உருவாகும் வயதில் குடித்தால் எனாமலில் கறை ஏறிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தானே வந்தது! கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மீதித் தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

கடைசி பெஞ்சில் இருந்த வகுப்பாசிரியை அப்போது வாய் திறக்கவில்லை. மணி அடித்த பிறகு அவளை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். ஒரு பீக்கரில் உப்புக் கரைசலை ஊற்றிச் சாராய விளக்கின் மேல் வைத்தார். இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வற்றியது, அடியில் வெள்ளையாக உப்பு படிந்தது. "எது போனது, எது நின்றது?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அந்தப் பெண் அதே பீக்கரோடு வகுப்புக்குப் போய், "நேற்று நான் தவறாகச் சொல்லிவிட்டேன், இன்றைக்குச் சேர்ந்து பார்ப்போம்" என்று தொடங்கினாள். வகுப்பில் 34 பிள்ளைகள். நோட்டில் எழுதியதை அந்தப் பையன் அடித்துவிட்டு மாற்றி எழுதினான்.

நீ இரண்டு ஆண்டுக்குக் கட்டும் பணம் இதற்காகத்தான். தப்பாகச் சொல்வதற்கும், பின் பெஞ்சில் ஒருவர் இருந்து திருத்துவதற்கும், மறுநாள் அதே பிள்ளைகள் முன் நின்று சரிசெய்வதற்கும் கிடைக்கும் 20 வாரம் அது. தரகர் உன்னிடம் 1,10,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இதைத்தான் கழித்துவிட்டுத் தருகிறார்.

தபால் வழி உனக்குப் பொருந்தாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொலைநிலை பி.எட். நடத்துகின்றன. ஆனால் அது தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி போன்ற அங்கீகாரம் பெற்ற பயிற்சியை நேரடியாக முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவர்களுக்கும் உரியது. வெறும் பட்டதாரிக்கு அங்கே கதவு கிடையாது. பி.எட். மறுபடியும் ஓராண்டு ஆகப்போகிறது என்ற பேச்சும் உன் காதில் விழுந்திருக்கும். 2025-இல் வந்த வரைவு விதிமுறை, நான்காண்டுப் பட்டம் அல்லது முதுகலை முடித்தவர்களுக்குத்தான் ஓராண்டு என்கிறது. மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்த உனக்கு இரண்டாண்டுதான். அதற்காகக் காத்திருக்காதே.

இப்போது அரசுக் கல்லூரி. தமிழ்நாட்டில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமார் 2,000 இடங்கள். ஒரே விண்ணப்பம், ஒரே கலந்தாய்வு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் பக்கத்தில் உள்ள அரசுக் கல்லூரி என்றால் ஒரு புறம் குமாரபாளையம், மறு புறம் வேலூர். ஊத்தங்கரையிலிருந்து திருப்பத்தூர் வழியாக வேலூர் உனக்குத் தோதாக இருக்கும். நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. எம்.பி.சி. பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 43 விழுக்காடு. உன் 68 அதைத் தாண்டிவிடுகிறது. ஆனால் தகுதி வேறு, இடம் கிடைப்பது வேறு. வேதியியல் பட்டதாரிகள் இயற்பியல் அறிவியல் (பிசிக்கல் சயின்ஸ்) பிரிவில் வருவார்கள். அங்கே போட்டி கடுமை. கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். விண்ணப்பிக்காமல் இருப்பதுதான் பெரிய தவறு என்று மட்டும் சொல்வேன்.

பட்டத் தேர்வு முடிவுகளுக்குப் பிறகு அறிவிப்பு நாளிதழ்களில் வரும். அதற்கு முன்பே சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டச் சான்று, ஆறு பருவ மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குப் பதிவு செய்தாலும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். கடைசி நாளில் போய் நின்று அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சான்றிதழில் உன் பெயரும் முன்னெழுத்தும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பார். உதவித்தொகை நின்றுபோவதற்குப் பாதிக் காரணம் இந்த ஓர் எழுத்துதான்.

யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஒரு செய்தி இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2020-இல் அதைத் திருத்தினார்கள்: பள்ளியிலிருந்து, அந்தப் பணிக்குரிய கடைசித் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். பட்டதாரி ஆசிரியர் பணிக்குரிய தகுதியில் பி.எட்.டும் அடக்கம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.எஸ்சி. வரை தமிழில் படித்த நீ, பி.எட்.டை மட்டும் ஆங்கில வழியில் முடித்தால் அந்த 20 விழுக்காட்டிலிருந்து வெளியே வந்துவிடுவாய். எந்தக் கல்லூரியானாலும் சேரும்போதே தமிழ் வழியா என்று கேள். முடிக்கும்போது தமிழ் வழிச் சான்றை மறக்காமல் வாங்கிக்கொள். தரகர் சொல்லும் கல்லூரி எந்த வழி என்று அவரைக் கேட்டுப்பார். அவர் முகத்திலேயே பதில் தெரியும்.

பணத்துக்கு வருகிறேன். அப்பாவும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500. நீ படிக்கும் 24 மாதத்துக்கு 36,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். மாங்காய் பறிக்கும் கூலி சித்திரை முதல் ஆடி வரை. வட்டி பன்னிரண்டு மாதமும் வரும். வங்கியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் அதே பணத்துக்கு இரண்டு ஆண்டில் 10,000 ரூபாய்தான் வட்டி. கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. பெற்றோர் ஒருவர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், முடிந்தால் அதை மாதாமாதம் கட்டிவிடு. வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு, உங்கள் குடும்பக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையில் போய்ப் பார். மேலாளர் வாயால் 'முடியாது' என்று சொன்னால், எழுதிக் கொடுங்கள் என்று பணிவாகக் கேள். கையில் பொட்டு நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் வைப்பது மூன்று வட்டியைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் கடன் வாங்குவதற்கு முன் வேண்டிய தொகையைக் குறைப்போம். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. விடுதிதான் செலவு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை மாணவியர் விடுதியில் இடம் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் இலவசம். சேர்ந்த வாரமே விண்ணப்பம் கொடு. அதே துறையின் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; கல்லூரியில் யூமிஸ் என்ற மாணவர் பதிவு எண்ணை வாங்கி, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கோடு விண்ணப்பிக்க வேண்டும். புதுமைப்பெண் திட்டத்து ஆயிரம் ரூபாய் பி.எஸ்சி. படிக்கும்போது வந்திருந்தால், அது பட்டப்படிப்போடு முடிந்தது. அதைக் கணக்கில் சேர்க்காதே. இதைப் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும். உங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. தனியார் கல்லூரியில் சேர்வதானால், அந்த இடத்துக்கு அது பொருந்துமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே மாவட்ட ஆட்சியரகத்தில் உள்ள நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கலந்தாய்வில் இடம் கிடைக்காவிட்டால்? தனியார் கல்லூரி எல்லாமே தரகர் கடை இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் ஒழுங்காக வகுப்பு நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. தரகர் இல்லாமல் நீயே நேரில் போ. ஒரு வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல் போ. காலை பதினொரு மணிக்கு வகுப்பறையில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார். அறிவியல் ஆய்வகத்தைக் காட்டச் சொல். பீக்கரில் தூசி படிந்திருந்தால் புரிந்துகொள். தேசிய ஆசிரியர் கல்விக் குழும அங்கீகாரமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பும் நடப்பு ஆண்டுக்கு இருக்கின்றனவா என்பதை இணையதளத்தில் நீயே சரிபார். கட்டணத்தை அரசு நியமித்த குழு நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை என்னவென்று அலுவலகத்தில் கேள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேள். ரசீது தர மறுக்கும் தொகையைக் கட்டாதே. இடையில் வேறு இடம் கிடைத்து விலகினால், சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பு வரை, சிறு நடைமுறைச் செலவு போகக் கட்டணம் முழுதும் திரும்பி வர வேண்டும் என்பதும் நான் முதலில் சொன்ன அதே 2018 அறிவிப்பில் இருக்கிறது.

உண்மையை மறைக்க விரும்பவில்லை. பி.எட். முடித்த மறுநாளே வேலை வராது. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குக் கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் எழுத வேண்டும். 150 கேள்வியில் கணிதமும் அறிவியலும் 60. மீதி தமிழ், ஆங்கிலம், குழந்தை மேம்பாடு. அதில் தேறினாலும் அரசுப் பணிக்குத் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. 2018 அரசாணைப்படி வந்த அந்த முதல் தேர்வு 2024 பிப்ரவரியில்தான் நடந்தது. எத்தனை பேர் அத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்று எண்ணிப்பார். இடைப்பட்ட காலத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்தால், தொடக்கச் சம்பளம் இன்றைய உன் ஓசூர்ச் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கும். என் மாணவிகள் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். இதைத் தெரிந்துகொண்டே உன் ஏழாம் வகுப்பு ஆசை அசையாமல் நிற்கிறதா என்று நீதான் பார்க்க வேண்டும். நின்றால், வா. இந்த மாவட்டத்துப் பள்ளிகளுக்கு உன்னைப் போன்றவர்கள் வேண்டும். ஊத்தங்கரைத் தண்ணீர் குடித்து வளர்ந்த வேதியியல் பட்டதாரியிடம் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வேறொரு பதில் இருக்கும்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. பெண்ணுக்கு வயது ஏறுகிறது, ஊரில் கேட்கிறார்கள். இந்த ஆண்டு அரசு இடம் கிடைக்காமல் போனால், பிள்ளை ஓசூரிலேயே இன்னும் பத்து மாதம் இருக்கட்டும். மாதம் 7,000 ரூபாய் அவள் பெயரில் அஞ்சலகத்தில் போடுங்கள். 70,000 ரூபாய் சேரும். அடுத்த ஆண்டு அவள் வட்டியில்லாத பணத்தோடு கல்லூரி வாசல் ஏறுவாள். அந்த வருடம் வீண் இல்லை. வராமலே முடித்த இரண்டு வருடம்தான் வீண். தரகரிடம் முன்பணமாக எதுவும் இன்னும் கொடுக்கவில்லை என்றால் நல்லது. மூன்று வட்டிக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மகளே, வருமானச் சான்றுக்கு இந்த வாரமே பதிவு செய். ஓசூரில் ஒரு நாள் விடுப்புக் கேட்டு, வேலூர்க் கல்லூரியை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு வா. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் விடுதியைப் பற்றிக் கேள். தரவரிசைப் பட்டியல் வந்ததும் உன் எண்ணை எனக்கு எழுது. எந்தக் கல்லூரியை முதலில் கேட்பது என்பதைச் சேர்ந்து முடிவு செய்வோம்.